உள்ளங்காலை யார் பார்ப்பது?

மூன்று வாரங்களுக்கு முன்பு இந்தப் பக்கத்தில் மச்ச சாஸ்திரத்தைப் பற்றி விளையாட்டாக எழுதியிருந்தேன். உதட்டில் மச்சம் இருந்தால் வாய்ச்சாலகர், உள்ளங்காலில் இருந்தால் ஊர் சுற்றுவார் என்று நம் பாட்டிமார் சொல்லி வந்ததையெல்லாம் தொகுத்துக் கொடுத்தேன். நிறையப் பேர் ரசித்தீர்கள். சைபர்ஜெயாவில் வேலை பார்க்கும் ஓர் இளம் வாசகி மட்டும் இப்படிக் கேட்டிருந்தார்: "ஐயா, என் உள்ளங்காலில் ஒரு மச்சம் இருக்கிறது. ஒரு வருஷமாகப் பெரிதாகிக்கொண்டே வருகிறது. அப்படியென்றால் வெளிநாட்டு யோகமும் பெரிதாகிறதா?" கூடவே ஒரு சிரிக்கும் முகம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவே பதில் எழுதினேன். இந்த வாரமே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், வேலை இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள் என்று. கொஞ்சம் மிரட்டலாகவே எழுதிவிட்டேன் போலிருக்கிறது, அவர் பயந்துபோய் மறுநாளே போன் எண் கேட்டார். ஏன் அப்படி எழுதினேன் என்று அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இத்தனை நாள் இதை எழுதாமல் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன்.

என் அத்தை, அப்பாவின் அக்கா, சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். பிள்ளைகள் இல்லை. மாமா போன பிறகு எங்களோடு கிள்ளானுக்கு வந்துவிட்டார். இனிப்பு நீர் உண்டு, கண்ணில் புரை. குனிந்து நகம் வெட்ட முடியாது என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய கால் நகங்களை வெட்டிவிடுவது என் வேலை. என் மனைவி வெட்டுகிறேன் என்றால் விடமாட்டார். சின்ன வயதில் என் நகத்தை வெட்டிய கணக்கு பாக்கி இருக்கிறதாம்.

2015 தீபாவளிக்கு முந்தின ஞாயிறு அது. வலது குதிகாலின் உள்பக்க ஓரத்தில் உளுந்து அளவுக்கு ஒரு கறுப்பு. நல்ல வட்டமாக இல்லை. ஒரு பக்கம் கன்னங்கறுப்பு, மறுபக்கம் பழுப்பு, ஈரத் தாளில் மை ஊறியது போல ஓரம்.

"என்னத்தே இது?"

"அதுவா? தோட்டத்து மண்ணுடா. முப்பது வருஷம் அந்த மண்ணுல நடந்தா ஒட்டிக்காதா பின்னே? தேய்ச்சாலும் போவாது."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நகத்தை வெட்டி முடித்துவிட்டுப் பத்திரிகை படிக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் கறுப்புக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் கிடைத்தது. கால் ஆணி என்றாள் என் மனைவி. எருக்கம்பால் வைத்தால் உதிர்ந்துவிடும் என்றார் பக்கத்து வீட்டு அம்மா. எங்கேயோ எருக்கஞ்செடியைத் தேடிப்பிடித்து வைத்தும் பார்த்தார்கள். சர்க்கரைக்காரர் கால் என்றால் அப்படித்தான் கறுக்கும் என்றார் கோயிலில் ஒருவர். மண், ஆணி, சர்க்கரை எல்லாமே நம்பக்கூடிய காரணங்கள்தாம். ஒரு காரணம் கிடைத்துவிட்டால் அப்புறம் யாரும் காலைப் பார்ப்பதில்லை, காரணத்தைத்தான் பார்க்கிறோம். நானோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்தக் காலை மடியில் வைத்திருந்தவன். உளுந்து ஐந்து காசு அளவுக்கு ஆனதை என்னைவிட நன்றாகப் பார்த்தவர் யாருமில்லை.

ஒரு வருஷம் கழித்து அந்த இடம் வெடித்துக் கசிந்தது. கிளினிக்கில் மருந்து வைத்துக் கட்டினார்கள். எட்டு மாதம் கட்டினார்கள். ஆறாததற்கு இனிப்பு நீர்தான் காரணம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்த பத்துப் பேரில் நான்கு பேரின் கால் அப்படித்தான் இருந்தது. தொடை இடுக்கில் ஒரு நாள் நெறி கட்டியது. காலில் புண் இருந்தால் நெறி கட்டுவது இயல்புதானே என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது.

பிறகு அங்கே புதிதாக மாற்றலாகி வந்த ஓர் இளம் டாக்டர், நம் பெண்தான், கட்டைப் பிரித்துப் புண்ணின் குழியைப் பார்க்காமல் ஓரத்தைப் பார்த்தார். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பு மிச்சமிருந்தது.

"இந்தப் புண்ணுக்கு முன்னால இங்க என்ன இருந்தது?"

எட்டு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. விடை தெரிந்த ஒரே ஆள் நான். "உளுந்து அளவுக்குக் கறுப்பா ஒண்ணு." எப்போதிலிருந்து என்றார். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சூராட் எழுதத் தொடங்கினார்.

மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் உண்டாகும் புற்றுநோய். நெறி என்று நாங்கள் நினைத்தது, அது இடுப்புவரை வந்துவிட்டதன் அடையாளம். குதிகாலில் ஒரு பகுதியை எடுத்தார்கள், இடுக்கில் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அத்தை 14 மாதம் இருந்தார்.

இந்த நோயைப் பற்றி நமக்கு இருக்கும் பெரிய தப்பெண்ணம், இது வெள்ளைக்காரர் நோய் என்பது. அதில் பாதி உண்மை உண்டு. ஆஸ்திரேலியாவில் கடற்கரையில் வெயில் காயும் மக்களுக்கு வருகிற அளவு நமக்கு வருவதில்லை. நம் தோலின் நிறம் வெயிலுக்கு ஓரளவு குடை பிடிக்கிறது. ஆனால் மெலனோமாவில் ஒரு வகை, வெயிலைப் பொருட்படுத்தாதது. அது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி என்று வெயில் படாத இடங்களில் வருகிறது. ஆசிய, ஆப்பிரிக்க மக்களுக்கு மெலனோமா வரும்போது இந்த இடங்களில்தான் அதிகம் வருகிறது. விளம்பரத் தாள்களில் சிவந்த முதுகில் கறுப்பு மச்சம் உள்ள வெள்ளைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, நமக்கில்லை என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். கறுப்புத் தோலில் கறுப்புப் புள்ளி கண்ணிலும் உறுத்துவதில்லை. வருவது அபூர்வம்தான். ஆனால் வந்தால் நமக்குத் தாமதமாகவே தெரிகிறது, அங்கேதான் உயிர் போகிறது.

பாப் மார்லியை இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவர் படம் போட்ட டி-சட்டையைப் பாசார் மாலாமில் இன்றும் விற்கிறார்கள். அவர் எதில் இறந்தார் என்பது அந்தச் சட்டை போடுகிறவர்களில் பலருக்குத் தெரியாது. கால் பெருவிரல் நகத்தடியில் ஒரு காயம். பந்து விளையாடியதில் பட்டது என்றுதான் நினைத்திருக்கிறார்கள். 1977இல் அது மெலனோமா என்று தெரிந்தது. விரலை எடுக்க வேண்டும் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை, நகப் படுகையை மட்டும் எடுத்துத் தோல் ஒட்டினார்கள். 1981 மே மாதம் 36 வயதில் இறந்தார். அவருக்குப் பந்து, அத்தைக்கு மண்.

அத்தையின் சிகிச்சைக்காக அலைந்த மாதங்களில் ஆஸ்பத்திரியின் தோல் டாக்டர் ஒருவர் பொறுமையாக விளக்கியதில் எனக்குப் புரிந்தது இது. அமெரிக்க டாக்டர்கள் 1985இல் மச்சத்தைச் சந்தேகிக்க ஏ, பி, சி, டி என்று ஓர் எளிய கணக்குச் சொன்னார்கள். பின்னால் இ சேர்ந்தது. நடுவில் ஒரு கோடு கிழித்தால் இரண்டு பாதியும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏ. ஓரம் ஒழுங்கில்லாமல் பிசிறினால் பி. ஒரே மச்சத்தில் கறுப்பு, பழுப்பு, சிவப்பு என்று பல நிறம் இருந்தால் சி. 6 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது பென்சிலின் பின்னால் இருக்கும் அழிப்பான் அகலத்தைத் தாண்டினால் டி. மாறிக்கொண்டே இருந்தால் இ. அத்தையின் புள்ளி முதல் நாளே மூன்றில் மாட்டியிருக்கும். ஐந்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் கடைசியை வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அந்த டாக்டர். பிறந்ததிலிருந்து மாறாமல் இருக்கும் மச்சம் பெரும்பாலும் சாதுதான். மாறுகிற மச்சமும், நாற்பதுக்கு மேல் புதிதாக முளைக்கிற மச்சமும் காட்ட வேண்டியவை. பெரும்பாலான மெலனோமா பழைய மச்சத்தில் வருவதே இல்லை, வெறும் தோலில் புதிதாகத்தான் தோன்றுகிறது.

பாதத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியாத எதுவும், இரத்தம் கசியும் எதுவும், இரண்டு மாதத்தில் ஆறாத எதுவும் பாதத்தில் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இரண்டு மாதம்! நாங்கள் எட்டு மாதம் கட்டுப் போட்டோம். இந்த நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருப்பதாக 2019இல் எடுத்த சுகாதார ஆய்வு சொன்னது. இந்தியர்களிடம் அது இன்னும் கூடுதல். அதனால் நம் வீடுகளில் ஆறாத கால் புண் அதிசயமில்லை, அதனாலேயே அதன் பின்னால் வேறொன்று ஒளிந்துகொள்வதும் சுலபம். ஆறாத புண்ணுக்கு, "இதில் சதை எடுத்துச் சோதிக்கலாமா டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. டாக்டர்களும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

நகத்தில் கறுப்புக் கோடு இருந்தால் உடனே பதற வேண்டாம். நம் நிறத்தவர் பலருக்குப் பல விரல்களில் மெல்லிய கோடுகள் இயல்பாகவே ஓடும், என் கட்டைவிரல்கள் இரண்டிலும் இருக்கின்றன. ஒரே ஒரு விரலில், அதுவும் பெரியவரான பிறகு புதிதாகக் கோடு தோன்றி அகலமாகிக்கொண்டு வந்தால் அது வேறு. அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டி அடிச்சதையிலும் பரவினால் இன்னும் முக்கியம். ஹட்சின்சன் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்த அடையாளம் அது. அடிபட்டு இரத்தம் கட்டிய கறுப்பு என்றால் நகம் வளர வளர மேலே நகர்ந்து போய்விடும், போகாமல் அதே இடத்தில் நின்றால் அடிபட்டது காரணமில்லை.

மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய்களும் உண்டு, அவையே அதிகம் காணப்படுகின்றன. முகத்தில் முத்துப்போல் மினுமினுக்கும் கட்டி நம் தோலில் கறுப்பாகவே இருக்கும், மச்சம் என்றே நினைப்போம். பழைய தீக்காயத் தழும்பில் பல வருஷம் கழித்து ஆறாத புண் வந்தால் காட்ட வேண்டும். இந்தியாவில் டாக்டர்கள் புடவைப் புற்றுநோய் என்றே ஒன்றைக் குறித்திருக்கிறார்கள். பாவாடை நாடாவை ஆண்டுக்கணக்காக ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி, இடுப்பில் தழும்பேறி, அதில் வருவது. மிக அபூர்வம், புடவையின் மேல் பழி போட வேண்டாம். நாடாவைக் கொஞ்சம் தளர்த்தி இடம் மாற்றிக் கட்டினால் போதும். அம்மாமார்களிடம் இதை யார் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

அத்தையின் சோதனை அறிக்கையில் ஓர் எண் இருந்தது. அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க மருத்துவர் 1970இல் காட்டிய விஷயம் அது. மெலனோமா தோலில் எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் என்பதே ஆளின் ஆயுளைச் சொல்கிறது. உங்கள் பர்சில் இருக்கும் பேங்க் கார்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர். அந்தக் கனத்துக்குள் இருக்கும்போது வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலோருக்கு அத்தோடு முடிந்துவிடுகிறது. கொஞ்சம் தோல், சில தையல். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் கதை வேறு. அத்தையுடையது 5க்கு மேல். இன்று உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகள் வந்துவிட்டன, பலரைக் காப்பாற்றுகின்றன. ஆனால் உள்ளங்கால் வகை அவற்றுக்கும் மற்ற வகைகள் அளவுக்குக் கட்டுப்படுவதில்லை. அந்த உளுந்து 2015இல் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இருந்திருக்கும் என்று நான் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கத்தி பட்டால் பரவிவிடும் என்று அத்தையே ஆரம்பத்தில் பயந்தார். நம்மில் பலர் அப்படித்தான் நம்புகிறோம். சோதனைக்குச் சதை எடுப்பதால் இது பரவுவதில்லை. பரவக் காரணம், எடுக்காமல் விட்ட காலம். இதற்கு நேர்மாறான தப்பு ஒன்றை இளையவர்கள் செய்கிறார்கள். என்னோடு வேலை பார்க்கும் பெண் கல்யாணத்துக்கு முன் அழகு நிலையத்தில் லேசர் வைத்து நான்கு மச்சத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். எடுத்ததை எங்கே சோதனைக்கு அனுப்பினார்கள் என்று கேட்டேன். "அதான் எரிஞ்சு போச்சே அண்ணே" என்றாள். நான்கும் சாதுவான மச்சங்களாகவே இருந்திருக்கும். ஆனால் அதைச் சொல்ல இனி எந்தச் சாட்சியும் இல்லை. இணையத்தில் விற்கும் மச்சம் உதிர்க்கும் களிம்பும் இதே ரகம், எருக்கம்பாலுக்கு நல்ல டப்பா போட்டது போல. டாக்டர் பார்த்து, எடுத்து, எடுத்ததைச் சோதிக்க வேண்டும். வரிசை அந்த வரிசைதான்.

அத்தை போன பிறகு எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. இடது காலில், நான்காம் விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கீழே ஒரு மச்சம் எனக்கு எப்போதிலிருந்து இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி, சூராட் வாங்கி, முறை வந்ததும் போனேன். தோல் டாக்டர் கையில் விளக்கு வைத்த ஒரு பூதக்கண்ணாடி. மச்சத்தின் மேல் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். உள்ளங்காலிலும் விரல் ரேகை போல மேடும் பள்ளமுமாகக் கோடுகள் ஓடுகின்றன அல்லவா? சாதாரண மச்சத்தில் நிறம் பள்ளத்தில் ஓடுமாம், மெலனோமாவில் மேட்டில் படியுமாம். ஜப்பானிய மருத்துவர்கள் கண்டு சொன்ன வித்தியாசம். என்னுடையது பள்ளத்தில் ஓடியது. வலி இல்லை, ஊசி இல்லை. கன்னத்தில் மிளகு மிளகாக இருப்பவற்றையும் காட்டினேன். "அதெல்லாம் வயசு சார்" என்றார். அந்த ஒரு பதிலுக்குத்தான் கொஞ்சம் வலித்தது.

அவர் சொல்லித்தான் மாதம் ஒரு முறை எங்கள் வீட்டில் ஒருவர் காலை ஒருவர் பார்க்கிறோம். சம்பள நாளை அடுத்து வரும் ஞாயிறு, அப்போதுதான் மறக்காது. குளித்து முடித்து நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கால், விரலிடுக்கு, நகம், பிறகு முதுகு, காது மடலின் பின்புறம். முடி வெட்டுகிறவரிடம் உச்சந்தலையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சந்தேகமாக இருந்தால் பக்கத்தில் ஐந்து காசு நாணயத்தை வைத்துப் படம் எடுத்துவைக்கிறோம். அடுத்த மாதம் வளர்ந்ததா என்று நாணயம் சொல்லிவிடும். என் மகன் தன் காலைக் காட்டக் கூச்சப்படுகிறான், பல்கலைக்கழகம் போகிறவனின் கால் நாற்றத்தைத் தாங்குவதும் எங்களுக்கு எளிதில்லை. ஆனாலும் நீட்டுகிறான்.

சைபர்ஜெயா வாசகி கம்பெனிக் காப்புறுதியில் ஒரு தனியார் தோல் டாக்டரிடம் போய்விட்டார். கண்ணாடி வைத்துப் பார்த்த டாக்டர், எடுத்துவிடுவோம் என்று அன்றே மரத்துப்போகும் ஊசி போட்டு முழுதாக எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். என்ன என்று இன்னும் சொல்லவில்லை. உள்ளங்காலில் நாலு தையல் இருப்பதால் ஒரு காலில் சிலிப்பரோடு ஆபீசுக்குப் போகிறாராம், எல்லோரும் காரணம் கேட்கிறார்களாம். முடிவு வியாழக்கிழமை வருகிறது.